திரும்பி வராத மெஷின்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், என் முழங்காலைத் தவிர. நீயும் நலம் என்று போனில் சொல்கிறாய். குரல் வேறு எதையோ சொல்கிறது. அதை இப்போதைக்கு விடுகிறேன்.

இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். கணக்கு என்று ஆரம்பித்தாலே நான் கத்துகிறேன், நீ "அம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வேலை நடக்காது. உட்கார்ந்து முழுதாகப் படி.

நீ பிடித்துக் கொடுத்த கணக்குக் கம்பெனியைப் பற்றித்தான் சொல்கிறேன். உன் அப்பா மூச்சுக்குத் திணறியபோது வாங்கிய ஒரே ஒரு ஆக்ஸிஜன் மெஷினை, அவர் போன பிறகு பக்கத்துத் தெரு டீச்சருக்கு இரவல் கொடுத்து நானும் உன் மாமாவும் தொடங்கியது நம் அறக்கட்டளை. இன்று கார் ஷெட் கொள்ளாமல் மெஷினும் மடக்குக் கட்டிலும் சக்கர நாற்காலியும் கிடக்கின்றன. பக்கத்து ஊர்கள் இரண்டில் கிளை வேறு. மெஷினைக் கொண்டுபோய் மாட்டுவதும் திரும்ப எடுப்பதும் ரிப்பேரும் உன் மாமா பொறுப்பு. இத்தனை வருஷமும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு நான்தான் கணக்கு எழுதினேன். "வளர்ந்துட்டோம்மா, இனிமே மேஜைல முடியாது" என்றாய். பெரிய நன்கொடையாளர்கள் ஒழுங்கான கணக்குக் கேட்கிறார்கள் என்றாய். சரி என்றேன். வாய்தான் சரி என்றது.

இந்தக் கம்பெனிக்காரர்களை யார் பார்த்தார்கள்? எங்கோ ஒரு ஊரில் ஒரு அறை. போன் திரையில் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர். சுவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மாதம் அவர்கள் வாங்குகிற தொகையை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். இவ்வளவு குறைவாக வாங்குகிறவர்கள் மீதியை எங்கே எடுத்துக்கொள்கிறார்கள்? மெஷின் ஏற்றிப் போகிற நம் வண்டி டிரைவரிடம் கேட்டேன். "அவங்க நெறைய பேருக்குப் பாக்கறாங்கம்மா, அதான் கட்டுப்படியாகுது" என்றான். அவனுக்கு எப்படித் தெரியும் என்பது அடுத்த சந்தேகம்.

அந்தப் பெண்ணுக்குக் கேள்விக்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன். பில்லைப் படம் பிடித்து அனுப்பினால் போதும் என்று சொன்னவள், அனுப்பிய ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு கேள்வி அனுப்புகிறாள். இது எந்த ஊர்க் கிளைக்கு? சாமானைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது யார்? ஆர்டர் கொடுத்தவரே வாங்கிக்கொள்ளக் கூடாதாம். உன் மாமா அதைக் கேட்டு, "அப்ப நான் சாப்பிட்டா வேற யாராவது கை கழுவணுமா" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரைத் திருடன் என்கிறாள் இவள்?

அவளைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியை ரிப்பேர் செய்த பில்லை, ஷெட் பில்களுக்கு நடுவே செருகி அனுப்பினேன். கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் மாட்டிக்கொள்வாள், உன்னிடம் போட்டுக் கொடுக்கலாம் என்று ஆசையோடு இருந்தேன். மறுநாள் காலையிலேயே, "மேடம், இது வீட்டுச் செலவு மாதிரி தெரியுதே, தவறுதலா வந்துடுச்சா" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். மானம் போயிற்று. தவறுதலாகத்தான் என்று பொய் சொன்னேன்.

இப்போது புதிதாக ஒன்று கேட்கிறாள். இதுவரை வாங்கிய மெஷின்கள் இன்றைக்கு எங்கெங்கே இருக்கின்றன என்று. வெளியே போயிருப்பதெல்லாம் நோயாளிகள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று உன் மாமா சொன்னான். அவன் வாயால் சொன்னது எனக்குப் போதும். அவளுக்குப் போதவில்லை. வீடு வீடாகப் போன் செய்து கேட்கப் போகிறாளாம். நம்மை நம்பிக் கொடுத்த நம்பர்களை எவனிடமாவது விற்றுவிட்டால் என்ன செய்வது? விற்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விற்கிறவனும் அப்படித்தானே எழுதிக் கொடுப்பான்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் எழுது. இந்தக் கம்பெனியைக் கொண்டுவந்தது நன்கொடைக்காக மட்டும்தானா? நீ எதையோ மனதில் வைத்துக்கொண்டு செய்த மாதிரி எனக்குப் படுகிறது. என்மேல்தான் நம்பிக்கை போய்விட்டதென்றால் நேரே சொல், தாங்கிக்கொள்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

அன்புடன்,
அம்மா

*

மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. சமையலறையில் நின்று படித்தேன், படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டேன். உன் மாமா எந்த நேரமும் தண்ணீர் கேட்டுக்கொண்டு உள்ளே வருகிறவன். அவன் கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

என்மேல் சந்தேகம் இல்லை என்று எழுதியிருந்தாய். நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் அடுத்த வரி. "மாமாவைக் கொஞ்சம் கவனிச்சுக்கோங்கம்மா. மாடி கட்டினாரே, அதுக்கு வழி ஏது?" என்று. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன் அவன். உனக்கு வாலு என்று பெயர் வைத்தவன். படித்ததும் உன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். ராஸ்கல், தூரத்தில் உட்கார்ந்துகொண்டு யாரைப் பற்றி எழுதுகிறாள் என்று அடுப்பைப் பார்த்துத் திட்டினேன்.

கோபம் அன்றைக்கு மட்டும்தான் இருந்தது. நீ எழுதியது நிற்காமல் வளர்ந்தது. அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் அத்தையிடம் போய் நைசாகப் பேச்சுக் கொடுத்தேன். மாடி நன்றாக வந்திருக்கிறதே, செலவு எக்கச்சக்கமாக ஆகியிருக்குமே என்றேன். "பேங்க்ல லோன் போட்டாரு அண்ணி, கட்டிக்கிட்டே இருக்கோம்" என்றாள். கேட்டவுடன் பதில் வந்ததே என்று அதற்கும் ஒரு சந்தேகம். யோசித்துச் சொல்லியிருந்தால் ஏன் யோசிக்கிறாள் என்று நினைத்திருப்பேன். ஒரு எலக்ட்ரீஷியன் மாடி கட்டக் கூடாது என்று சட்டமா? ஆனாலும் புத்தி கேட்க மாட்டேன் என்கிறது.

இதற்கு நடுவில் கேள்விக்காரி கூப்பிட்டாள். குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள். மெஷின் ஓடுகிறது என்று மாமா சொன்ன வீடுகளில் பல வீடுகளில் நோயாளியே இல்லையாம். சிலர் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். ஓடுகிறது, ஓடுகிறது என்று அவன் என்னிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறான்! என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். டீ குடித்துக்கொண்டே சொன்னான்.

அப்புறம் நான் செய்ததைக் கேள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பழைய மருத்துவச் சாமான் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி அங்கே போனேன். நம் மெஷின்களுக்கு அடியில் மஞ்சள் பெயின்ட் வைத்திருப்போம் இல்லையா, அதைத் தேடி ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். கடைக்காரர் அருகில் வந்து, "யாருக்கும்மா முடியல?" என்று கேட்டார். என் தம்பிக்கு என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் அப்படி ஒரு பரிவோடு எனக்கு நாற்காலி போட்டார். அதில் உட்கார எனக்குக் கூசியது.

மூன்றாவது வரிசையில் ஒன்றின் அடியில் மஞ்சள் இருந்தது. நம்முடையதுதான். யார் கொண்டுவந்து கொடுத்தது என்று கேட்டேன். "யாரோ ஒரு ஆம்பளைம்மா, ஞாபகம் இல்ல" என்றார். அதற்கு மேல் கேட்கத் தைரியம் வரவில்லை. மெஷினின் அடிப்பக்கத்தை மட்டும், அங்கே ஒட்டியிருந்த நம்பரோடு, போனில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வருகிற வழியில் ஒரு பூட்டு வாங்கினேன். ஷெட்டில் தொங்குகிற அதே கம்பெனி, அதே அளவு. மாற்றியது யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். பழைய சாவியோடு வருகிறவனுக்கா தெரியாமல் போகும்? அந்த நேரத்தில் எனக்குப் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

மறுநாள் அவன் வழக்கம்போல வந்தான். நான் சமையலறை ஜன்னலில் நின்றேன். சாவியைப் போட்டான், திரும்பவில்லை. வெளியே எடுத்து ஊதினான். சட்டையில் துடைத்து மறுபடியும் போட்டான். பூட்டுத்தான் துருப்பிடித்துவிட்டது என்று நினைத்து, ஸ்கூட்டரிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்துவந்து இரண்டு சொட்டு விட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி காத்திருந்தான். மூன்றாவது தடவை போட்டபோது பூட்டைக் கையில் ஏந்திக் கொஞ்ச நேரம் பார்த்தான். புதுப் பூட்டின் பளபளப்பு அவனுக்குத் தெரியாதா? பாட்டு நின்றது. ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். நான் சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு வரவே இல்லை. போன் செய்தால் உன் அத்தை எடுத்து, "தூங்கறாரு அண்ணி" என்கிறாள். பட்டப்பகலில் என்ன தூக்கம்? ஷெட்டில் ரிப்பேருக்கு வந்த மெஷின்கள் அப்படியே கிடக்கின்றன.

நீ சொன்னதுதான் சரியோ என்று பயமாக இருக்கிறது. நீ சொன்னது தப்பாக இருந்தாலும் பயமாகத்தான் இருக்கிறது. இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதே. கடையில் நம் மெஷின் ஒன்றைப் பார்த்ததைக் கேள்விக்காரியிடம் மட்டும் சொன்னேன், அவள் அதன் சீரியல் நம்பரைக் கேட்கிறாள். அனுப்புவதா வேண்டாமா என்று கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அனுப்பினால் முடிவு தெரிந்துவிடும். எனக்குத் தம்பி என்று இருப்பது அவன் ஒருவன்தான்.

நீ நன்றாக இரு.

அம்மா

*

என் செல்ல மகளுக்கு,

அம்மாவின் ஆசிகள். இந்த முறை பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

நம்பரை அனுப்பிவிட்டேன். நாங்கள் மெஷின் வாங்கிய பில் ஒவ்வொன்றிலும் அந்த நம்பர் இருக்கிறதாம். அத்தனை வருஷத்துப் பில்லையும் இரவல் சீட்டையும் அவர்கள் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறார்கள். நான் பிஸ்கட் டப்பாக்களில் திணித்து அனுப்பியவைதான். எந்த மெஷின் எப்போது வாங்கினோம், முதலில் எந்த வீட்டுக்குப் போனது, அடுத்து எங்கே என்று வரிசையாகச் சொன்னாள். கடையில் நான் பார்த்தது, ரயில்வே கேட் பக்கம் ஒரு தையல்காரர் வீட்டுக்குப் போனது. அவர் இறந்த பிறகு விற்றது அவருடைய மகன்.

கேள்விக்காரி அந்தப் பையனிடமே பேசிவிட்டாள். அவன் முதலில் மழுப்பியிருக்கிறான், பிறகு அழுதிருக்கிறான். "அங்கிள் நாலஞ்சு தடவ வந்தாருங்க. வருவாரு, அப்பா போட்டோவப் பாப்பாரு, அம்மாகிட்டப் பேசுவாரு, போயிடுவாரு. மெஷினப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. உங்களுக்கு வேண்டாம்போலன்னு நெனச்சுட்டேன்" என்றானாம்.

என்னால் உடனே நம்ப முடியவில்லை. உனக்குத்தான் என் குணம் தெரியுமே. டிரைவரைக் கூப்பிட்டு, உண்மையைச் சொல்லாவிட்டால் வேலை போய்விடும் என்று மிரட்டினேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "சாருக்குக் கேக்க வராதும்மா. வண்டிய வாசல்ல நிறுத்திட்டு உள்ள போவாரு. கண்ணெல்லாம் சிவந்து வெறுங்கையோட வருவாரு. இன்னொரு நாள் பாத்துக்கலாம்டா, அக்காகிட்ட ஓடுதுன்னு சொல்லிக்கலாம்பாரு" என்றான். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க இதுவரைக்கும் கேக்கவே இல்லியேம்மா" என்றான்.

உன் மாமா எடுத்தது ஒன்றுமில்லை. துக்க வீட்டில் போய், இந்தச் சாமானைத் திருப்பிக் கொடு என்று கேட்க அவனுக்கு நாக்கு எழவில்லை. அந்த நோயாளிகளுக்கு மெஷினை மாட்டிவிட்டுக் குழாயைச் சரிசெய்து கொடுத்தவன் அவன்தானே. பொய் சொன்னது தப்புத்தான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. மெஷின் கிடைக்காமல் நாங்கள் திருப்பி அனுப்பியவர்களை நினைத்தால் அவனை நாலு அறை அறையலாம் போலிருக்கிறது. ஆனால் திருடன் இல்லை. அதை நினைத்து நினைத்து அன்றைக்கு முழுவதும் அழுதேன்.

அவனால் கேட்க முடியாததை அந்தப் பெண் அங்கிருந்தே கேட்டுவிட்டாள். எப்படிக் கேட்டாள் என்று நானும் போனில் கூட இருந்து கேட்டேன். எங்கே வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வாளோ என்று காத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் மெஷின் பேச்சையே எடுக்கவில்லை. போனவரைப் பற்றி விசாரித்தாள், அவர்கள் பேசுவதை எல்லாம் கேட்டாள். பிறகு, இன்னொருத்தர் காத்திருக்கிறார், வியாழக்கிழமை வண்டி வரலாமா என்றாள். ஒரு அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "யாராவது வந்து எடுத்துட்டுப் போக மாட்டாங்களான்னு இருந்தேன். அதப் பாத்தாலே அவர் மூச்சு வாங்கறதுதான் கேக்குது. நானா எப்படிக் கூப்பிட்டுச் சொல்றதுன்னு தெரியல" என்றார். கேட்டால் மனசு கஷ்டப்படும் என்று உன் மாமா பயந்தான், அந்த அம்மாவோ கேட்க ஆளில்லாமல் கஷ்டப்பட்டிருக்கிறார்.

காணாமல் போனதாக நான் பயந்த மெஷின்களில் பாதிக்கு மேல் வந்துவிட்டன. தையல்காரர் மகனும் கடையிலிருந்து மீட்டுக் கொண்டுவந்து வைத்தான். இனிமேல் மெஷின் கொடுக்கிறவர் வேறு, திரும்ப வாங்குகிறவர் வேறு. திரும்பக் கேட்கும் வேலை கம்பெனியுடையது. அன்றைக்கு இந்த மாதிரி விதியைத்தான் திருட்டுப் பட்டம் கட்டுவதாக நினைத்தேன். தங்கள் வேலை யாரையும் சந்தேகப்படுவது அல்ல என்று கேள்விக்காரி பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். இப்போது அவள் என்னை மேடம் என்று கூப்பிடுவதில்லை, அம்மா என்கிறாள். இதற்கும் கம்பெனியில் தனியாகச் சொல்லிக் கொடுப்பார்களோ என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது.

இன்னொரு நல்ல செய்தி. எந்த மெஷின் எங்கே இருக்கிறது என்று காட்டும் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, பெரிய நன்கொடையாளர்கள் மூன்றாவது கிளைக்குச் சம்மதித்துவிட்டார்கள். புது மெஷின்கள் வரப் போகின்றன. நீ சொன்னதுதான் நடந்தது, சந்தோஷப்படு. பிரித்துப் பார்த்துப் பழுது நீக்கத்தான் ஆள் இல்லை.

அதனால் நேற்று உன் மாமா வீட்டுக்குப் போனேன். போகும்போதே ஒரு முடிவோடுதான் போனேன். உன் பெயரை எடுக்கக் கூடாது. வெளியூரில் தனியாக இருக்கிற பெண், அவன் உயிரையே வைத்திருக்கிற பெண், அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கீறல் விழக் கூடாது. நான் பக்கத்தில் இருப்பவள், எப்படியாவது சரிசெய்துகொள்வேன் என்று நினைத்தேன்.

அவன் மாடிப் படியில் உட்கார்ந்து ஒரு மின்விசிறியைப் பிரித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்குப் போனது, முக்காடு போட்டது, பூட்டு வாங்கியது எல்லாம். பூட்டை மாற்றியது என் புத்திதான், எனக்குத்தான் உன்மேல் சந்தேகம் வந்தது, வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை என்றேன். மன்னித்துக்கொள் என்றேன்.

அவன் ஸ்க்ரூவைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். "வாலு ஏதாவது எழுதியிருக்கும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அது சின்னப் பொண்ணு, தூரத்துல இருக்கு, இங்க நடக்கறது அதுக்கென்ன தெரியும்னு மனசத் தேத்திக்கிட்டேன். நீயாக்கா?" என்றான்.

அவன் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குடித்து முடிக்கும்வரை நின்றான். கிளம்பியபோது கேட் வரைக்கும் கூட வந்து, "பாத்துப் போங்க" என்றான். பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். ஒரு நாளும் கேட் வரைக்கும் வந்து என்னை வழியனுப்பியது கிடையாது.

இனி நான் போய், உன் மருமகள்தான் முதலில் எழுதினாள் என்று சொன்னால், பெற்ற மகள்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கிறாள் என்றுதான் நினைப்பான். நான் சொல்லி இனி எடுபடாது. அதனால் நீ எழுது. சந்தேகம் உன்னுடையது என்று எழுது. பொய் எழுதச் சொல்லவில்லை, பாதி உன்னுடையதுதானே. அந்தப் பாதியை மட்டும் நீ எடுத்துக்கொள், கண்ணே. உன்மேல் கோபப்பட்டால் நாலு நாளில் மறந்துவிடுவான். உன்மேல் அவனுக்குக் கோபம் நீடித்ததே கிடையாது.

தினமும் அவன் வருகிற நேரத்துக்கு டீ போட்டுவிட்டு, பிறகு நானே குடித்துவிடுகிறேன். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். முதலில் அவனுக்கு எழுது, எனக்கு அப்புறம் எழுதலாம்.

உன்
அம்மா